சான்று பெறாத கைகள்: படைத்தளவாட ஒயரிங் தொழிலும் உத்திரமேரூர் வட்டாரமும்

1991 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் வில்மிங்டனில் வி-22 ஆஸ்ப்ரே விமானத்தின் ஐந்தாவது முன்மாதிரி முதன்முறையாக மேலெழுந்தது. எழுந்ததும் தள்ளாடித் தரையில் மோதிச் சிதைந்தது. விமானிகள் சிறு காயங்களோடு தப்பினர். விமானம் பக்கவாட்டில் உருளும் வேகத்தை அளக்க அதில் மூன்று உணரிகள் இருந்தன. ஒன்று பிழையாகச் சொன்னாலும் மற்ற இரண்டையும் வைத்துச் சமாளிக்கலாம் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. ஆனால் இரண்டு உணரிகளின் ஒயர்கள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. பிழை பெரும்பான்மையாகிவிட்டதால், சரியாகச் சொன்ன ஒன்றுக்கு மதிப்பில்லாமல் போனது.

2020 நவம்பர் 17 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய வேகா ராக்கெட்டும் இதே வகைப் பிழையால்தான் வீழ்ந்தது. நான்காம் கட்ட எஞ்சினைத் திருப்பும் கருவிகளுக்குப் போகும் கேபிள்கள் இடம் மாறியிருந்தன. ஸ்பெயினின் செயற்கைக்கோள் ஒன்றும் பிரான்ஸின் செயற்கைக்கோள் ஒன்றும் அழிந்தன.

இரண்டு விபத்துகளிலும் ஒயர் அறவில்லை, கனெக்டர் கழன்றுவிடவில்லை, பொருளின் தரமும் குறையவில்லை. எந்த ஒயர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் கை தவறியது, அந்தத் தவற்றைச் சோதனையும் பிடிக்கவில்லை. படைத்தளவாடங்களுக்கான ஒயரிங் ஹார்னஸ், அதாவது கனெக்டர்களோடு சேர்த்துக் கட்டிய ஒயர்த் தொகுப்பு, செய்யும் தொழிலைப் பற்றிய எந்த விவாதமும் இங்கிருந்து தொடங்குவதே முறை. நம் நாட்டில் பேச்சு பெரும்பாலும் கனெக்டரை உள்நாட்டில் செய்வதோடு நின்றுவிடுகிறது. அதைப் பூட்டும் கையை யார் பயிற்றுவிக்கிறார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

கனெக்டரின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மில்-டிடிஎல்-38999 என்ற அமெரிக்க வரையறையின் மூன்றாம் வரிசைக் கனெக்டரைப் பார்த்தாலே, பல பத்தாண்டுப் போர்க்கள அனுபவம் ஒரு சிறு உலோக உருளைக்குள் அடங்கியிருப்பது தெரியும். அதன் மரை மூன்று தொடக்கங்கள் கொண்டது. அதனால் ஒரே சுற்றில் முழுதாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டு முழுமையாக விழுந்தால் உடலிலுள்ள சிவப்புப் பட்டை மறைந்துவிடும். இருட்டிலோ அவசரத்திலோ வேலை செய்யும் படைவீரருக்கு அந்தப் பட்டை பெரிய துணை. அதிர்வில் கழலாதபடி உள்ளே பற்சக்கரம் போன்ற தடுப்பு உண்டு. கோணலாகச் செருகினாலும் எதிர்ப்பக்க விளிம்பு பின்களை இடிக்காத அளவுக்கு அவை ஆழத்தில் அமைந்திருக்கின்றன. அருகருகே ஒரே அளவில் இரண்டு கனெக்டர்கள் இருந்தால் ஒன்றை மற்றதில் மாட்டிவிடாமலிருக்க, காடிகளின் கோணத்தையே மாற்றி வைக்கிறார்கள்.

பின்களில் தங்க முலாம் ஏன்? ஓடும் டாங்கியின் அதிர்வில், பூட்டிய நிலையிலும் பின்னும் சாக்கெட்டும் ஓயாமல் மிக நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளீய முலாமாக இருந்தால் ஒவ்வொரு உரசலிலும் ஆக்சைடு துகள் உதிர்ந்து தொடுபரப்பை மூடும், மின்தடை ஏறும். தங்கம் ஆக்சைடாவதில்லை. ராஜஸ்தான் புழுதியில் ஓடும் டாங்கிக்கும் சியாச்சின் குளிரில் நிற்கும் கருவிக்கும் இந்த மெல்லிய பூச்சு காப்பாக நிற்கிறது.

ஆனால் இந்தக் காடிகளும் பட்டைகளும் கனெக்டருக்கு வெளியே நடக்கும் தவற்றைத்தான் தடுக்கும். உள்ளே, பன்னிரண்டாம் துளைக்குப் போக வேண்டிய ஒயரைப் பதின்மூன்றாம் துளையில் செருகிவிட்டால் எந்தக் காடியும் எச்சரிக்காது.

அந்த உள்வேலை முழுக்க மனிதக் கையின் வேலை. ஒயரின் மேலுறையைச் சீவும்போது ஓர் இழைகூடக் கீறப்படக் கூடாது. பின்னை ஒயரோடு பற்றவைப்பதில்லை. ஈயம் இழைகளுக்கிடையே ஏறி ஒயரை விறைக்கச் செய்யும், விறைத்த இடம் முடியும் எல்லையில் அதிர்வு அதை முறித்துவிடும். அதனால் கைக்கருவியால் பின்னை ஒயர்மீது அழுத்தி இறுக்குகிறார்கள். இதற்குக் கிரிம்ப் என்று பெயர். அழுத்தம் முழுமையடையாமல் அந்தக் கருவி வாயைத் திறக்காது. பின்னின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே செம்பிழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் ஒயர் அடிவரை போகவில்லை என்று பொருள். அதன் பிறகு ஒயர்களை மின் இரைச்சலிலிருந்து காக்கும் உலோகக் காப்புவலையைச் சுற்றளவு முழுவதும் பிடித்து, கனெக்டரின் பின்னுறையில் இறுக்குவது, முழு அளவு வரைபடம் ஒட்டிய பலகையில் ஒயர்களைக் கிளை பிரித்துக் கட்டுவது, ஒவ்வொரு இணைப்பையும் மின்சோதனையில் சரிபார்ப்பது என்று வேலை நீள்கிறது.

வளைந்து குழையும் ஒயரைக் கையாள்வதில் எந்திரம் இன்னும் மனிதருக்கு ஈடாகவில்லை. கார் தொழிலும் இதற்கு விலக்கல்ல. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து அங்கிருந்த ஹார்னஸ் ஆலைகள் முடங்கியபோது, ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ ஆலைகளில் உற்பத்தி நின்றது.

இந்த வகைக் கைகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியில் கார் உதிரிபாகத் தொழிலும் மின்னணுத் தொழிலும் பெருகின. மறுபுறம், 1965இல் முதல் விஜயந்தா டாங்கியைத் தந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், டாங்கி மின்னணுவியலுக்காக 1985இல் தொடங்கிய நந்தம்பாக்கம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிரிவும் இதே சென்னை வளையத்தில் உள்ளன. இரண்டு உலகங்களும் அருகருகே இருக்கின்றன. ஆனால் ஒன்றில் கற்ற தொழிலுக்கு மற்றதில் செல்லுபடி இல்லை.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. கார் ஹார்னஸில் பெரும்பாலும் வெள்ளீய முலாமிட்ட திறந்த டெர்மினல்கள், அவற்றை அழுத்துவதும் எந்திரம்தான். அங்கே பழகியவர் நேராக வந்து டாங்கி ஹார்னஸ் செய்துவிட முடியாது. வரைபடம் படிப்பது, பலகையில் ஒயர் ஓட்டுவது, வரிசை பிசகாமல் வேலை செய்வது ஆகியவை கைகொடுக்கும். கைக்கருவிக் கிரிம்பிங்கும் காப்புவலை முடிப்பும் பின்னைச் செருகிக் கழற்றும் முறையும் புதிதாகக் கற்க வேண்டியவை. அது பல ஆண்டுப் படிப்பல்ல, முறையான பயிற்சியும் தேர்வும் போதும்.

பெரிய தடை அளவுதான். 2021 செப்டம்பர் 23 அன்று பாதுகாப்பு அமைச்சகம் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ஆணை தந்தது. அதன் மதிப்பு 7,523 கோடி ரூபாய். ஆண்டுக்குப் பல லட்சம் கார்களுக்குப் பழகிய ஹார்னஸ் ஆலைக்கு 118 ஒரு எண்ணிக்கையே அல்ல. ஆனால் ஒரு டாங்கிக்குள் பல வகை ஹார்னஸ்கள் உண்டு. குறைந்த எண்ணிக்கை, நிறைய வகை, நீண்ட காலப் பழுதுபார்ப்புத் தேவை என்ற இந்தச் சேர்க்கை பெரிய ஆலைக்குப் பொருந்தாது. முப்பது நாற்பது தேர்ந்த கைகள் கொண்ட சிறு பட்டறைக்குப் பொருந்தும். அத்தகைய பட்டறை சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய மையங்களைக் குறித்தது. 2024 ஜூலையில் ஆளில்லா விமானம், மின்னணுப் போர், மின்-ஒளியியல் ஆகிய துறைகளுக்குத் தமிழ்நாட்டில் சோதனைக்கூடங்கள் அமைக்க ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இவை தேவையான முதலீடுகள், ஐயமில்லை. ஆனால் நிலம், கட்டடம், கருவி என்று கணக்கிடும் திட்டம், கைத்திறனைத் தானாக வந்து சேரும் பொருளாகவே எண்ணுகிறது.

இந்த எண்ணத்தை, பெண்களின் ஆலை வேலையை ஆராய்ந்த டயான் எல்சன், ரூத் பியர்சன் ஆகிய இருவரும் 1981இலேயே அம்பலப்படுத்தினர். பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுட்பமானவை என்று சொல்லிவிட்டால், அந்தத் திறனைப் பயிற்சியின் விளைவாக மதிக்கவோ அதற்கேற்ற கூலி தரவோ வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். ராணுவ ஹார்னஸ் தொழில் அந்த மனப்பான்மையை மாற்றக்கூடியது. ஏனெனில் இங்கே திறன் எழுத்தில் நிறுவப்பட வேண்டும்.

அதற்கான அளவுகோலும் இருக்கிறது. ஹார்னஸ் வேலைத்தரத்துக்கான ஐபிசி-ஏ-620 வரையறை 2002இல் வந்தது. அதன் சான்றிதழ் தனி ஆளின் பெயரில் தரப்படுகிறது, இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். கம்பெனி மாறினாலும் சான்று அவரோடு போகும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதைக் கண்ட ஒரு பகுதிக்கு இது சிறு விஷயமல்ல. ஆகவே வழித்தட நிதியின் ஒரு பங்கு உத்திரமேரூர் போன்ற தாலுகா ஊர்களில் இந்தச் சான்றுக்கான பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆவடியின் கொள்முதல் ஒப்பந்தங்களும், ஒவ்வொரு ஹார்னஸின் பதிவேட்டிலும் அதைச் செய்தவரின் சான்று எண்ணும் சோதித்தவரின் சான்று எண்ணும் இடம்பெற வேண்டும் என்று கேட்கலாம். பயிற்சிச் செலவை விலைப்புள்ளியில் தனி வரியாகக் காட்டவும் அனுமதிக்கலாம். அந்த வரி இல்லாதவரை, மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஆணை போகும், முதலில் வெட்டப்படுவதும் பயிற்சியாகவே இருக்கும்.