பிரதிகளில் எஞ்சிய தீவுகள்: அந்தமான் வரலாறும் நூலகத் தேடலும்

1858 மார்ச் மாதத்தில் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் இறங்கினார். முந்தைய ஆண்டின் எழுச்சியில் தண்டிக்கப்பட்டோருக்கான குடியேற்றம் அவ்வாறு தொடங்கியது; அதனோடு ஒரு கடிதப் போக்குவரத்தும் தொடங்கியது. தீவின் கண்காணிப்பாளர் கல்கத்தாவுக்கு எழுதினார். இந்திய அரசின் நடவடிக்கைப் பதிவுகளின் பிரதி இலண்டனுக்குச் சென்றது. நிர்வாகத் தேவைக்காக எழுந்த இவ்வழக்கமே பின்னாளில் தீவுகளின் வரலாற்றைக் காத்தது.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் மீளும்வரை நீடித்த அக்காலத்தில் உள்ளூர் அலுவலக ஆவணங்கள் பெருமளவு அழிந்தன. ஆயினும் தண்டனைக் குடியேற்றத்தின் வரலாற்றை எழுத முடிகிறது. புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் 'போர்ட் பிளேர்' கிளைப் பதிவுகளும், பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலகப் பதிவுகளும் இருப்பதே காரணம்.

ஆக்கிரமிப்பு ஆண்டுகளுக்கு இத்தகைய காப்பு இல்லை. 1944 ஜனவரியில் மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் காலேபாணி சிறையில் சித்திரவதையால் மாண்டார். அம்மாத இறுதியில் ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவற்றை அறியப் பெரிதும் துணைநிற்பவை உயிர்பிழைத்தோரின் நினைவுகளே. கார் நிக்கோபார் கொலைகள் குறித்து 1946-இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையின் பதிவுகளும் உள்ளன. ஆவணம் மெலிந்திருப்பதால் நிகழ்வும் மெலிந்தது எனக் கொள்ளலாகாது; பிரதி எடுத்து அனுப்பும் வழி அன்று அறுந்திருந்தது என்பதே பொருள்.

எஞ்சியவற்றையும் கவனத்துடன் படிக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இம்பீரியல் கெசட்டியர் முழுவதும் கிடைக்கிறது. அந்தமான் அதன் 5-ஆம் தொகுதியில் இடம்பெறுகிறது. 1901 கணக்கெடுப்பு அந்தமான் பழங்குடியினரின் மொத்தத் தொகையை 1,882 என்று தருகிறது. பெரிய அந்தமானியர் 625 பேர் என்பது அதன் ஒரு பகுதி. ஆனால் ஜாரவா, செண்டினல் மக்களின் எண்ணிக்கை, அவர்களை அணுகாமலே செய்யப்பட்ட ஊகம். ஒரே அட்டவணையில் எண்ணிக்கையும் ஊகமும் அருகருகே நிற்கின்றன. 1961-இல் பெரிய அந்தமானியர் 19 பேராகக் குறைந்ததை எழுதும் மாணவர், தொடக்கப் புள்ளியின் தன்மையையும் சொல்லியாக வேண்டும்.

நூற்பட்டியலில் தேடுவதற்கும் வரலாற்று அறிவு தேவை. 'ஜாரவா' என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை 'ஆங்' என்பர். 'ஆங்' என்று மட்டும் தேடுபவருக்கு 19-ஆம் நூற்றாண்டின் கோப்புகள் அகப்படா. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரின் பழைய ஆவணங்களைப் 'போர்ட் பிளேர்' என்றே தேட வேண்டும். பழைய பெயரைத் தேடலுக்குத் திறவுகோலாகக் கொள்ளலாம். ஆய்வின் மொழியாக அதை ஏற்கத் தேவையில்லை.

பல்கலைக்கழகக் காப்பகங்கள் காகிதத்தை மட்டும் காக்கவில்லை. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி செய்த பெரிய அந்தமானிய மொழிப் பதிவுகள், இலண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நிறுவனம் தொடங்கிய அருகிவரும் மொழிகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டன. பேசுவோர் இல்லாத மொழிக்கு இனி அப்பதிவே சான்று.

தமிழ் மாணவருக்கு இதில் நேரடிப் பணி ஒன்று உண்டு. 1964 சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்டன. 2004 ஆழிப்பேரலை அத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. முதலில் குடியேறிய தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்களிடமுள்ள குடும்ப அட்டைகள், கடிதங்கள், நிழற்படங்கள், நினைவுகள் ஆகியவற்றை, உரியவர் இசைவுடன் இப்போதே பதிவு செய்தல் வேண்டும். ஒரு பிரதி தீவில் இருக்கட்டும். மற்றொன்று கடலுக்கு இப்பால் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருந்த ஆவணங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை 1942-க்குப் பிந்திய ஆண்டுகள் காட்டியுள்ளன.