மருத்துவக் கல்லூரியின் வாயில்

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறக்கப்பெற்றது. அன்று தமிழகத்தில் ஒருங்கே திறக்கப்பெற்ற பதினொரு கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. ஆண்டுதோறும் 100 மாணாக்கர் இங்குச் சேர்க்கப்பெறுகின்றனர். கட்டிங் மேசையில் நின்றும் பவர்டேபிளில் அமர்ந்தும் உழைக்கும் நம் பெற்றோருக்கு இவ்வளாகம் புதிதன்று. ஆயினும் நோயாளராக அவ்வாயிலில் நுழைவது வேறு. மாணாக்கரின் பெற்றோராக நுழைவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு எவ்வளவு, அதனை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

மருத்துவம் கற்றவர் எவரும் எவரையும் தொட்டுப் பார்ப்பர் என்று இன்று நாம் எண்ணுகிறோம். அந்நாளில் அவ்வாறன்று. கத்தியவாரில் ஆசிரியராக இருந்த தாழ்த்தப்பட்ட ஒருவர் எழுதிய மடல் 1929 திசம்பரில் காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அதனை அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தம் நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாளில் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஆசிரியர் ஊர்ப் பெரியவர்களிடம் மன்றாடி, அவர்களுள் ஒருவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்குப் பிணை நின்ற பின்னரே மருத்துவர் வந்தார். அப்போதும் நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்றார். பச்சிளங்குழந்தையோடு அத்தாய் வெளியே கொண்டுவரப்பட்டார். மருத்துவர் வெப்பமானியை ஒரு முசுலிமின் கையில் கொடுத்தார்; அவர் கணவரிடம் கொடுத்தார்; கணவர் மனைவிக்கு வைத்தார். வந்த வழியே அது திரும்பிச் சென்றது. மருத்துவர் விளக்கொளியில் அதனைப் பார்த்து, நுரையீரல் அழற்சி என்றார். அதன்பின் அவர் வந்து பார்க்கவேயில்லை. அத்தாய் இறந்தார். அம்மருத்துவருக்குக் குறையாக இருந்தது படிப்பன்று.

மருத்துவக் கல்வியின் முதலாண்டில் மாணாக்கர் உடற்கூறு பயில்கின்றனர். பிணத்தை அறுத்து நரம்பும் தசையும் இன்னவெனக் கற்கின்றனர். 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் பிணத்தில் கத்தி வைத்தது பெருந்துணிவாகப் போற்றப்பட்டது. உயர்சாதியினர் பிணத்தைத் தீண்டுவது அத்துணை அரிதாக இருந்தது. நம் மக்களுக்கோ பிணம் தூக்குவதும் புதைப்பதும் இறந்த மாட்டின் தோலை உரிப்பதும் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலைகள். சேரியில் இழிவென்று ஒதுக்கப்பட்ட அதே தொடுகை, கல்லூரிக்குள் சென்றதும் கல்வியாயிற்று, பட்டமாயிற்று. ஆனால் அக்கல்லூரியின் வாயிலில் நம்மைக் காணோம்.

சென்னையில் 1835-இல் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி 1850-இல் மருத்துவக் கல்லூரியாயிற்று. ஆனால் பள்ளிக்கூடமே அரிதாயிருந்தவர்க்குக் கல்லூரி ஏது? தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நம் கோவையில் படித்தவர். நானூறு மாணாக்கரில் பத்துப்பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்றும், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி விளையாட்டிலும் சேராமல் ஒதுங்கி நின்றதாகவும் அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார்.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921 முதல் வகுப்புவாரி ஆணைகள் பிறந்தன. கல்லூரி இடங்களும் பின்னர் அம்முறையில் பங்கிடப்பட்டன. 1950-இல் 14 இடங்களுக்குப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1 என்பது பங்கீடு. சென்னை மாநிலத்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். வெளிமாநிலத்தார்க்கு 17, அரசின் விருப்புரிமைக்கு 12 போக எஞ்சியவை 301. கணக்கிட்டால் நமக்கு 43 வரும். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அப்பெருமாநிலம் முழுமைக்கும் இந்த 43தான்!

இதனையும் எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உள்ளது. ஆயினும் 1951 ஏப்ரல் 9 அன்று ஆணை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் களம் இறங்கினார். அவ்வாண்டு சூன் 18 அன்றே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்று 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர். இன்று நம் பிள்ளை வாங்கும் ஒவ்வோர் இடத்திற்கும் வேர் அப்பிரிவிலே உள்ளது.

கோவையில் மருத்துவக் கல்லூரி வந்தது 1966-இல். 2017-இல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றும் நீட்டில் 86 மட்டுமே பெற்றதால் இடம் கிடைக்காமல் செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். நம் திருப்பூர்க் கல்லூரி திறந்த அதே நாளில்தான் அரியலூர்க் கல்லூரியும் திறந்தது. அங்குள்ள அரங்கிற்கு இன்று அனிதாவின் பெயர்.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். திருப்பூரின் 100 இடங்களில் 15 அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்லும். எஞ்சிய 85-இல் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்கு 18 வீதம் ஏறத்தாழ 15 இடங்கள். அந்தப் பதினெட்டினுள் 3 விழுக்காடு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. உச்ச நீதிமன்றம் 2024-இல் இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என உறுதிசெய்தது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காட்டு முன்னுரிமையும் உண்டு. அவ்வழியில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்குப் பொதுவான தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருப்பது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த கூலியில் பிள்ளையை இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்னர் இதனை ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டுகிறோம்.