மோட்டார் சைக்கிள் மின்கலம்

மோட்டார் சைக்கிள் மின்கலம் (பேட்டரி) என்பது பொறியை இயக்கத் தொடங்கவும் விளக்கு, ஒலிப்பான் முதலியவற்றுக்கு மின்சாரம் வழங்கவும் பயன்படும் மின்கல அடுக்கு ஆகும். பெரும்பாலானவை, பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈய-அமில வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2 வோல்ட் கொண்ட ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12 வோல்ட் தருகின்றன.

மாற்று மின்கலத் தெரிவு

மாற்று மின்கலத்தின் மின்னழுத்தம், ஆம்பியர்-மணி அளவிலான கொள்ளளவு, நீள அகல உயரம், முனைகளின் அமைவிடம் ஆகியன வண்டிக்குப் பொருந்த வேண்டும். நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் மின்னேற்றச் சுற்று பழுதடையக்கூடும். லித்தியம் வகை எடை குறைந்தது. எனினும் வண்டியின் மின்னேற்ற அமைப்பு அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

பழைய மின்கலம்

ஈயம் நஞ்சாகும். இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி, பழைய மின்கலத்தைப் பிற குப்பையுடன் சேர்க்காமல் மீள்சுழற்சிக்கென ஒப்படைக்க வேண்டும்.