ஊராத்துறை: ஒரு பழந்துறையின் வரலாறு

தென்பிரான்சிலுள்ள நார்போன் நகரை உரோமர் கி.மு. 118இல் நிறுவினர். பெருந்துறையாக விளங்கிய அந்நகர், ஆற்று வண்டலால் துறை தூர்ந்தபின் தன் பழஞ்சிறப்பை இழந்தது. எனினும், பழைய கட்டடங்களின் எழுத்துக் கற்கள் பிற்கால மதிலில் வைத்துக் கட்டப்பட்டமையால் அழியாது எஞ்சின. துறையின் சிறப்பு மறைந்த பின்னும் அதன் கதையைக் கல் உரைக்கும் என்பதற்கு ஈழத்துத் தீவகத்திலும் ஒரு சான்று உண்டு. அதுவே இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் ஊராத்துறையாகும்.

நன்னீர்க் கிணறுகளாற் பெயர்பெற்ற சாட்டி அமைந்திருக்கும் வேலணைத் தீவின் வடமேற்கு முனையில், காரைநகருக்கு எதிரே இத்துறை உளது. இதன் பெருமையை உரைக்கும் கல்வெட்டு அயல் தீவாகிய நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலிற் காணப்படுகின்றது. முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) பிறப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னனின் அவ்வாணை தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. துறையில் வழங்கிய மொழி யாது என்பதை இதனால் அறியலாம்.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்கிறது அவ்வாணை. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. பிற வணிகக் கலமாயின் இருவர்க்கும் செம்பாதி. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியன ஆதலின் அவற்றைக் கொணர்வோர்க்குச் சலுகை மிகுந்தது. எனவே, இவ்வாணையை அருள் மட்டுமே எனக் கொள்ளலாகாது. அரசின் கணக்கும் அதிலுண்டு. ஆயினும், கரையொதுங்கிய பொருள் முழுவதையும் அரசன் கவராமல் உடையவன் உரிமையை ஏற்றமை சிறிய செய்தியன்று.

அதே துறை போருக்கும் பயன்பட்டது. சோழநாட்டின்மேற் படையெடுக்க ஊராத்துறை முதலிய இடங்களிற் பராக்கிரமபாகு படை திரட்டிக் கலங்கள் கட்டுவித்ததையும், சோழர் தரப்பினர் வந்து அவற்றை அழித்ததையும் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகின்றது.

வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியிற் கிடைத்த சொங் காலச் சீன மட்கலங்கள் இக்கடல்வழி வணிகத்தின் பரப்பைக் காட்டுகின்றன. பின்வந்த போர்த்துக்கேயரும் இத்துறை வழியே யானைகளை ஏற்றினர். 'கயிற்ஸ்' என்னும் பெயர் துறைமேடையைக் குறிக்கும் அவர்தம் சொல்லினின்று பிறந்தது என்பர். அவர்கள் கடலிடையே கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 'அம்மன்னீல்' எனப் பெயரிட்டனர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. கல்லில் எழுதிய உறுதிமொழியோ மாறாது நின்றது. 1990ஐ அடுத்த போர்க்காலத்தில் இத்தீவக மக்களே ஊர்விட்டுப் பெயர்ந்து, பிற துறைகளில் அடைக்கலம் தேட நேர்ந்தது. அந்நியரைக் காத்தல் வேண்டும் என்று தங்கள் துறையில் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரியின் அருமையை அவர்களினும் நன்கு அறிவார் யாவர்?