அன்னாசியின் வரலாறும் யாழ்ப்பாண மண்ணும்

நெல்லியடி என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வேம்படி, ஆலடி, அரசடி என மரங்களாற் பெயர்பெற்ற இடங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல. அவை தமிழர் தொன்றுதொட்டு அறிந்த மரங்கள். சந்தையில் விலைப்படும் அன்னாசிக்கோ அத்தகைய பழமை இல்லை. சங்கப் புலவர் அதனை அறியார். முக்கனியுள்ளும் அதற்கு இடமில்லை.

அன்னாசியின் தாயகம் தென்னமெரிக்கா. தூப்பி மொழியினர் அதனை 'நனா' என்றனர். 1493இல் குவாதலூப்புத் தீவில் இறங்கிய கொலம்பசின் கூட்டத்தாரே அதனைக் கண்ட முதல் ஐரோப்பியராவர். தூப்பிச் சொல் போர்த்துக்கேயர் வாயில் 'அனனாசு' ஆயிற்று. தமிழில் 'அன்னாசி' ஆயிற்று. அப்பழத்தைக் கொணர்ந்தோர் யார் என்பதற்குப் பெயரே சான்று பகர்கின்றது. மலையாளத்தார் அதனைக் 'கப்பச்சக்கை' என்றனர். கப்பலில் வந்த பலா என்பது பொருள். 1678 முதல் 1693 வரை அமிசுத்தர்தாமில் வெளிவந்த 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' என்னும் பெருநூல் இப்பெயரைப் பதிந்துள்ளது. பறங்கியர் துறைகளில் விளையும் அன்னாசி ஆக்கிராவில் தம் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் காய்ப்பதை, 1605இல் அரியணை ஏறிய சகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

தாவரநூலார் இதனை அனானாசு என்னும் சாதியில் வைப்பர். இச்சாதி அடங்கிய குடும்பம், ஒலோவ் புரொமேலியசு என்னும் சுவீடிய அறிஞர் பெயரால் வழங்குவது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுள் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள ஓர் இனம் தவிர ஏனையவெல்லாம் அமெரிக்காவுக்கே உரியன. அன்னாசி ஒரு பூவின் கனியன்று. நூறு, இருநூறு பூக்கள் தண்டோடு ஒன்றித் திரண்ட கூட்டுக்கனி. தோலிற் காணும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவின் சுவடு. பயிரிடப்படும் வகைகளில் வித்து அரிது. கன்றாலும் கொண்டையாலுமே பெருகும். கொண்டை பல நாள் வாடாதிருத்தலின் நெடுங்கடற் பயணம் அதற்கு எளிதாயிற்று.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அமெரிக்காவினின்று அவர்வழிப் பரவிய புகையிலையும் மிளகாயும் குடாநாட்டுத் தோட்டங்களின் உயிர்நாடியாயின. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. ஆயின் அன்னாசி இங்குப் பெரும்பயிராகவில்லை. கம்பகா, குருணாகல் மாவட்டங்களில் தென்னைகளின் இடையே செழித்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

வறட்சியே காரணம் என்பர் பலர். அஃது அத்துணைப் பொருந்துவதன்று. அன்னாசி பெரும்பாலும் இரவிலேயே இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை ஏற்று, அமிலமாகச் சேமித்து, பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு உணவு சமைக்கும். ஆதலால் வெயிலில் இழக்கும் நீர் மிகக் குறைவு.

மெய்க்காரணம் மண்ணிலேயே உளது. அன்னாசி அமில மண்ணை விரும்புவது. குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. சுண்ணாம்பு மிக்க மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது; இலை மஞ்சளிக்கும். மஞ்சளித்த கன்றைக் கண்டவர் நீர் போதாதென்று கருதிக் கிணற்றுநீரை மேலும் இறைப்பர். அந்நீரிலும் சுண்ணாம்பே கரைந்திருத்தலின் நோய் முதிரும். கொல்வது வறட்சியன்று, பரிவே.

மங்கனீசு மிகுந்த அவாய்த் தீவு மண்ணிலும் அன்னாசி இவ்வாறு மஞ்சளித்ததுண்டு. இரும்புச் சல்பேற்றுக் கரைசலை இலைமீது தெளித்தால் அந்நோய் நீங்குமென 1916இல் ஆங்குக் கண்டறிந்தனர். வேருக்கு எட்டாததை இலைவழி ஊட்டும் அம்முறை, நெல்லியடி முற்றத்தில் இலைமக்கு நிரப்பிய தொட்டியில் வளரும் கன்றுக்கும் உதவும்.

ஒரே கடல்வழி வந்த பயிர்களுள் சில இங்கு நிலைத்தன, சில நிலைத்தில. கொணர்ந்தோர் யார் என்பதைச் சொல் காட்டும். நிலைத்தது ஏன் என்பதை மண்ணே காட்டும். நாட்டு வரலாறு கற்போர் அரசிறைப் பதிவேடுகளைப் புரட்டுதலோடு ஒருபிடி மண்ணையும் கையிலெடுத்து நோக்குதல் வேண்டும்.