கண்ணீர் வற்றிய கண்கள்

கண்ணீர் என்றதும் துயரமே நினைவுக்கு வருகின்றது. ஆயினும், துயரமற்ற வேளையிலும் கண்ணீர் இடையறாது சுரந்துகொண்டேயிருக்கின்றது. இமைகள் மூடித் திறக்குந்தோறும் அது விழியின்மீது மெல்லியதொரு படலமாகப் பரவும். அப்படலம் குன்றினால் மணல் விழுந்தாற்போலக் கண் உறுத்தும், எரியும், ஒளியை நோக்கக் கூசும். பார்ப்பவர்க்கோ கண் சற்றே சிவந்திருப்பதன்றி வேறொன்றும் புலப்படாது. நோயாளி மிகைபடக் கூறுகின்றார் என்று பிறர் எண்ணுவதற்கு இதுவே போதுமன்றோ?

கண்ணீரை அளந்து காட்டும் வழியை 1903ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கண் வைத்தியர் ஒற்றோ ஷேர்மர் வெளியிட்டார். அதற்கு வேண்டியது வடிதாள் துண்டு ஒன்றே. இன்று வழங்கும் முறைப்படி, 5 மில்லிமீற்றர் அகலமும் 35 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட துண்டின் நுனியை மடித்துக் கீழிமையின் உட்புறத்தே செருகுவர். 5 நிமிடம் கழிந்தபின் நனைந்த நீளத்தை அளப்பர். அது 5 மில்லிமீற்றருக்கும் குறைவாயின் சுரப்புக் குன்றியதெனக் கொள்வர். ஒருவருக்கே நாளுக்கு நாள் அளவு மாறுவதுண்டு. எனவே இச்சோதனை ஒன்றை மட்டும் நம்பி எவரும் முடிவுகட்டுவதில்லை.

சுவீடனில் 1899இல் பிறந்த ஹென்றிக் ஷோகிரன் என்னும் இளம் வைத்தியர், 1930ஆம் ஆண்டளவில் ஒரு பெண்மணியைக் கண்டார். அவருக்குக் கண் வறண்டிருந்தது, வாய் உலர்ந்திருந்தது, மூட்டுகளும் நொந்தன. கண்ணைக் கண் வைத்தியரும், வாயைப் பல் வைத்தியரும், மூட்டை வேறொருவரும் பார்த்து அனுப்பிவிடுவதே உலக வழக்கம். ஷோகிரனோ மூன்றையும் ஒருங்கே நோக்கினார். இத்தகைய நோயாளரைத் தேடினார். கம்பளிக்குச் சாயமூட்டப் பயன்பட்ட றோஸ் பெங்கால் என்னும் செந்நிறப் பொருளைக் கண்ணில் இட்டு, பழுதுற்ற இடங்கள் நிறமேறுவதைக் குறித்துக்கொண்டார். சுரப்பிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தார்.

1933இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு 19 பெண்களைப் பற்றியது. அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்தது. உயிர்ச்சத்து ஏ குறைவால் நேரும் கண் வறட்சி வேறு, இது வேறு என்று பிரித்துக் காட்டி, புதுப்பெயரும் இட்டார். பரிசோதகர்கள் அதன் அருமையை உணர்ந்தாரில்லை. பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்குரிய தோசென்ற் என்னும் தகுதிக்குப் போதிய மதிப்பை அவர்கள் வழங்கவில்லை. பேராசிரியப் பதவிக்குச் செல்லும் வழி அத்துடன் அடைபட்டது. ஷோகிரன் யொன்ஷோப்பிங் நகரில் கண் வைத்தியராய்ப் பணியாற்றினார்.

ஜேர்மன் மொழியிலிருந்த அவ்வாய்வேட்டை அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் புறூஸ் ஹமில்ற்றன் 1943இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. உடலைக் காக்கவேண்டிய அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகின்றன என்பது பிற்காலத்தே தெளிவாயிற்று. கண் வறண்டோர் எல்லாருக்கும் இந்நோய் உண்டென்பதில்லை. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டாலும் கண்ணீர் விரைந்து ஆவியாகிவிடும்.

சிகிச்சை மெல்லவே வளர்ந்தது. செயற்கைக் கண்ணீர்த் துளிகள் வந்தன. கண்ணீர் வடிந்தோடும் சிறு துவாரங்களை அடைத்து, உள்ள நீரைத் தேக்கும் முறையும் வந்தது. அழற்சியையே தணிக்கும் சைக்குளோஸ்போரின் துளிமருந்துக்கு அமெரிக்காவில் 2002இல்தான் அனுமதி கிடைத்தது.

கொத்தென்பேர்க் பல்கலைக்கழகம் 1957இல் ஷோகிரனுக்குத் தோசென்ற் தகுதியை அளித்தது. 1961இல் சுவீடன் அரசாங்கம் பேராசிரியர் என்னும் பட்டத்தை வழங்கியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.