50 மெகாபைட்டும் ஒரு மொழியின் எடையும்

பழைய கணினிகளுக்கான இலகுரக லினக்ஸ் வழங்கல்களின் வரலாறு பெரும்பாலும் சிக்கனத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. விலக்கப்பட்டவற்றுள் எழுத்துமுறைகளும் இருந்தன என்பது அதில் அரிதாகவே பேசப்படுகிறது.

1991ஆம் ஆண்டு இரண்டு தொடக்கங்களைக் கண்டது. ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம்மிடமிருந்த இன்டெல் 386 கணினியில் லினக்ஸ் கெர்னலை எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. எனினும் லினக்ஸ் திரையில் யூனிகோட் தமிழ் சரிவரத் தோன்றப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே, 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் உருவாக்கிய நாபிக்ஸ், வன்தட்டில் நிறுவாமல் குறுவட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸைப் பரவலாக்கியது. அந்த மரபிலிருந்து ஜான் ஆண்ட்ரூஸ் 'டேம் ஸ்மால் லினக்ஸ்' வழங்கலை உருவாக்கினார். 50 மெகாபைட்டுக்குள் எத்தனை பயனுள்ள மென்பொருள்களை அடக்க முடியும் என்பதே அவரது சோதனை. முகவரி அட்டை அளவிலான சிறு குறுவட்டின் கொள்ளளவே அந்த எல்லையை வகுத்தது. 16 மெகாபைட் நினைவகமுள்ள 486 கணினியிலும் அது இயங்கியது. 128 மெகாபைட் இருந்தால் முழு இயங்குதளமும் நினைவகத்திலேயே ஏறிக்கொள்ளும். பழைய வன்தட்டின் மந்தம் தடையாகாது.

இந்த இலகுத்தன்மை பல சிறு தெரிவுகளால் கைகூடியது. கெர்னலின் 2.4 வரிசையும் ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்னும் எளிய சாளர மேலாளரும் ஜிடிகே 1 நூலகத்தைச் சார்ந்த மென்பொருள்களும் அவற்றுள் அடங்கும். மொழியியல் நோக்கில் முக்கியமானது இந்த மூன்றாவது தெரிவு. 2002இல் வந்த ஜிடிகே 2, பாங்கோ என்னும் எழுத்து வடிவாக்க நூலகத்தையும் உடன் கொண்டுவந்தது. அதன் எடை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கிலப் பயனருக்கு அது தேவையற்ற சுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 'கொ' என்னும் எழுத்தைக் கருதுக. யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ அக்குறி பிளந்து ககரத்தின் இருபுறமும் அமைய வேண்டும். எழுத்துரு மட்டும் இதற்குப் போதாது. வடிவாக்கப் பொறியும் வேண்டும்.

தமிழர்கள் இதற்கு ஒரு மாற்றுவழி வைத்திருந்தனர். டிஸ்கி முதலிய 8 பிட் குறியாக்கங்களில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மெய்க்கு முன் சேமிக்கப்பட்டது. ஆகவே பொருத்தமான எழுத்துரு இருந்தாலே பழைய கணினியிலும் தமிழ் தெரிந்தது. ஆனால் அவ்வரிசை ஒலிவரிசை அன்று. அகரவரிசைப்படுத்தல், தேடல், உரைத்தொகுப்பு ஆய்வு ஆகிய அனைத்துக்கும் தனி மாற்றுநிரல்கள் தேவைப்பட்டன. கணினியில் மிச்சப்பட்ட உழைப்பு ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

2008இல் வந்த 4.4.10 பதிப்போடு டேம் ஸ்மால் லினக்ஸ் நெடுங்காலம் நின்றுபோனது. அதன் வளர்ச்சியில் பங்காற்றிய ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பிரிந்துசென்று, ஏறத்தாழ 10 மெகாபைட்டில் டைனி கோர் லினக்ஸை 2009இல் வெளியிட்டார். 2024இல் ஆண்ட்ரூஸ் தம் வழங்கலை ஆன்டிஎக்ஸ் அடித்தளத்தில் புதுப்பித்தபோது எல்லை 700 மெகாபைட் ஆகியிருந்தது. அதற்குள் அடக்கவும் கையேடுகள் பலவற்றை நீக்கி, வேண்டுவோர் மீளப்பெற ஒரு நிரலைச் சேர்க்க வேண்டியிருந்தது.

அடித்தளமும் சுருங்கி வருகிறது. லினக்ஸ் பிறந்த 386 செயலிக்கான ஆதரவு 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து அகற்றப்பட்டது. 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை. எனவே பழைய கணினிகளை மீட்கும் பணி இனிச் சிறு குழுக்களின் பொறுப்பாகவே அமையும். எதை விடுவது என்னும் முடிவும் அவர்களுடையதே.

ஒரு வழங்கலைச் சோதிப்பவர்கள் தொடங்கும் நேரத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் அளக்கிறார்கள். வலையட்டை இயங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 'கொ' சரியாகத் தோன்றுகிறதா என்பது அப்பட்டியலில் இல்லையெனில், அது தோன்றாதது பிழையாகவும் பதிவாகாது. தமிழ் எழுத்துரு ஒன்று சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இந்தியக் கல்லூரிகளில் பழைய கணினிகளை மீட்டெடுக்க முனைவோர், தமிழிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் ஒவ்வொரு வரியைத் தம் சோதனைப் பட்டியலில் சேர்ப்பது அவசியம். ஒரு மொழிக்கு இடமுண்டா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே முடிவாகிவிடுகிறது.